நாற்பது விநாடி

பெரம்பலூர்
21.11.2024

அன்புள்ள சண்முகப்பிரியா,

வாட்ஸப்பில் உனக்கு அனுப்பிய பதினேழு செய்திகளுக்கும் ஒற்றை டிக்தான் விழுந்திருக்கிறது. அதனால் தபாலாபீசுக்குப் போய் உறை வாங்கி வந்து எழுதுகிறேன். கல்லூரி விடுதியிலிருந்து வரதராசன்பேட்டைக்கு அம்மாவுக்கு எழுதியதற்குப் பிறகு நான் கடிதம் எழுதியதே இல்லை. கை வலிக்கிறது. வேண்டியதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். உனக்கு அது தெரியுமா என்று தெரியவில்லை. நீ உள்ளே இருந்திருப்பாய். உன் அப்பா வேலிப் படலைத் தாண்ட விடவில்லை.

"உள்ள வராதீங்க டீச்சர். வந்து இன்னும் எதை எடுத்துட்டுப் போயிப் போடப் போறீங்களோ" என்றார்.

போனைப் பையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"ஊரே என்னைக் காறித் துப்புது. எம் பொண்ணை நான் பூட்டி வச்சேனாம். எப்பப் பூட்டினேன், எதுக்குப் பூட்டினேன், அது அதுல இருக்கா?"

"இல்லீங்க."

"தெரியுதுல்ல. அப்புறம் என்னத்துக்குப் போட்டீங்க?"

பக்கத்து வீட்டு வாசலில் நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொல்லிப் பள்ளியில் மெமோ கொடுத்திருக்கிறார்கள். நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உன்னிடம் எழுதிப் பார்க்கிறேன். அக்டோபர் 24, பன்னிரண்டாம் வகுப்பு. 'என் வீடு' என்ற தலைப்பில் ஆளுக்கு நாலு நிமிடம் சைகையில் பேச வேண்டும். நீ பேசினாய். நான் போனில் படம் எடுத்தேன். அதில் நாற்பது விநாடியை மட்டும் வெட்டி நம் 'விரல்மொழி வகுப்பு' பக்கத்தில் போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன்: 'அப்பா என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்.' ஐந்து நாளில் ஒன்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இப்போது நீக்கிவிட்டேன். ஆனால் அதற்குள் பலர் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள்.

போடுவதற்கு முன் உன்னிடம் கேட்டேன், பிரியா. நீ சரியென்று தலையாட்டினாய். இதை உன் மேல் பழி போடச் சொல்லவில்லை. கேட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

உன்னோடு போனிலோ நேரிலோ தொடர்புகொள்ளக் கூடாது என்று மெமோவில் இருக்கிறது. கடிதம் என்று போடவில்லை. அந்தக் காலத்து ஆள் யாராவது இருந்திருந்தால் போட்டிருப்பார்கள்.

நீ இல்லாமல் உன் பெஞ்சில் சுவாதி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். தபால்தலை ஒட்டிய உறை இரண்டு உள்ளே வைத்திருக்கிறேன். திட்டியாவது எழுது.

விண்ணரசி டீச்சர்


ஆண்டிமடம்
2.12.2024

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை அப்பா முதலில் படித்தார். பிறகு எனக்குத் தந்தார். இனி வருவதையும் அப்படித்தான் தருவார். தெரிந்துகொண்டு எழுதுங்கள். நான் எழுதுவதை அவர் படிப்பதில்லை. உறையை நானே ஒட்டுகிறேன்.

என் தமிழில் தப்பு இருக்கும். சிவப்புப் பேனா எடுக்காதீர்கள்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவார். உங்கள் கடிதம் வந்த அன்று இப்படி எழுதினார்: 'கடுதாசி எழுதிக்க. அது ஒரு ஆளு படிக்கிறது. போனு ஊரு படிக்கிறது.' போனை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார். சாவி அவர் அரைஞாணில் இருக்கிறது.

நீங்கள் வந்தது எனக்குத் தெரியாது. நான் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமலே எல்லாம் நடக்கிறது.

வீடியோ பரவியதும் விசாரிக்க ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை. என் முன்னால் உட்கார்ந்து வாயை அசைத்தார்கள். ஒருவர் மீசை உதட்டை மூடியிருந்தது. இன்னொருவர் குனிந்து எழுதிக்கொண்டே பேசினார். சைகை தெரிந்தவர் யாரும் கூட வரவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அழுதுகொண்டே ஏதோ சொன்னார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அதிகாரி என்னிடம் எதையோ கேட்டார். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நான் தலையாட்டினேன் என்று. ஆமாம். நான் எல்லோருக்கும் ஆட்டுவேன். கண்டக்டருக்கு ஆட்டுவேன். டாக்டருக்கு ஆட்டுவேன். ஆட்டினால் எதிரில் இருப்பவர் முகம் இளகும். திரும்பக் கேட்க மாட்டார். போய்விடுவார். காது கேட்காத எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. புரியாமல் தலையாட்டாதே என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தான். உங்களுக்குத் தெரியும்.

அன்று வகுப்பு முடிந்துவிட்டது. எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நீங்கள் போனைக் காட்டி 'போடலாமா?' என்று கேட்டீர்கள். நான் பெற்றோர் குரூப்பில் போடப் போகிறீர்கள் என்று நினைத்தேன். அதில் முப்பத்தொரு பேர். அப்பாவும் அதில் இருந்தார். அப்பா பார்க்கட்டும் என்று நினைத்தேன். நான் எவ்வளவு அழகாகப் பேசினேன் என்று அவருக்குத் தெரியட்டும் என்று.

அதில் நான் பேசியது அப்பாவைப் பற்றித்தான். நீங்கள் வெட்டிப் போட்டதை நான் எழுதுகிறேன்.

எனக்கு ஏழு வயது. அப்போது நாங்கள் அரியலூர்ப் பக்கம் இருந்தோம். வீட்டுக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோடு. நான் ரோட்டில் நின்றேன். பின்னால் லாரி வந்தது. ஹாரன் அடித்திருப்பான். அப்பா ஓடி வந்து என்னை இழுத்தார். அவர் இடது கை உடைந்தது. கட்டுப் பிரித்ததும் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போக வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அப்பா பூட்டிவிட்டுப் போவார். மத்தியானம் சைக்கிளில் வந்து திறந்து சோறு ஊட்டிவிட்டுப் போவார். நாலு மாதம். ஜூன் வந்ததும் பெரம்பலூர் கொண்டுபோய் நம் பள்ளியில் சேர்த்தார்.

'பூட்டிவிட்டுப் போவார்.' நீங்கள் அந்த இடத்தில் வெட்டினீர்கள்.

இப்போது முந்திரிக் காட்டுக்குப் போகும்போது அப்பா நிஜமாகவே பூட்டுகிறார். நீங்கள் போட்டபோது அது பொய். இப்போது உண்மை.

முன்பு விடுதியிலிருந்து லீவுக்கு வந்தால் தினமும் சாயங்காலம் சுவாதி குன்னத்திலிருந்து வீடியோ காலில் வருவாள். ஒரு மணி நேரம் பேசுவோம். இந்த வீட்டில் என் பாஷை பேச யாரும் இல்லை. அம்மா சோறு, தண்ணி, வா, போ காட்டுவார். அவ்வளவுதான். இருபத்தைந்து நாளாக நான் யாரிடமும் பேசவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். பிறகு அம்மா பயந்துபோய்க் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார்.

சண்முகப்பிரியா


பெரம்பலூர்
14.12.2024

அன்புள்ள பிரியா,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனாலும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

இருபதாம் தேதி விசாரணை. தலைமையாசிரியர் சவரிராஜ் சார் நேற்று என்னைக் கூப்பிட்டார். உனக்குத் தெரியும், நல்ல மனிதர். "விண்ணரசி, அந்தப் புள்ளைகிட்ட எழுத்துல சம்மதம் வாங்கியிருந்தீங்கன்னா இதெல்லாம் ஒண்ணுமே இல்லை. ஒரு தாள்ல தொங்குது எல்லாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மேசை டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மாணவியும் பெற்றோரும் சம்மதிப்பதாகப் படிவம். தேதி அக்டோபர் 23 என்று போட்டிருக்கிறது.

"நான் சொல்லலை. நீங்களே யோசிச்சுப் பாருங்க. பேரு கெட்டுப் போச்சுன்னா அடுத்த வருசம் யாரு ஹாஸ்டலுக்குப் புள்ளைய அனுப்புவாங்க? இங்க அறுவத்திரண்டு புள்ளைங்க இருக்கு" என்றார்.

படிவத்தை உள்ளே வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் விசாரணை அதோடு முடியும். எனக்கு வகுப்பு திரும்பக் கிடைக்கும். கிடைத்தால் முதல் வேலையாக உன் அப்பாவிடம் மேலதிகாரிகளோடு வந்து பேசி உன்னைத் தேர்வுக்கு அழைத்துவர என்னால் முடியும். இப்போது நான் யாரும் இல்லை. யாரும் இல்லாதவள் சொன்னால் யார் கேட்பார்கள்?

இன்னொரு வழியும் தோன்றுகிறது. அந்த நாலு நிமிட வீடியோ என்னிடம் முழுதாக இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். திட்டியவர்களே மன்னிப்புக் கேட்பார்கள். நீ சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

மார்ச்சில் தேர்வு. நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

விண்ணரசி


ஆண்டிமடம்
23.12.2024

டீச்சருக்கு,

படிவத்தை அப்பா படித்தார். இரண்டு முறை படித்தார். தேதியின் மேல் விரல் வைத்து என்னைப் பார்த்தார். பிறகு அதை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். போடு என்றும் சொல்லவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியம். இந்த இரண்டு மாதத்தில் என்னிடம் விட்டுவிட்டுப் போன ஒரே விஷயம் அதுதான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் என்னை மறுபடியும் தலையாட்டச் சொல்கிறீர்கள். இந்த முறை பேனாவால்.

ஒரு சங்கதி சொல்கிறேன். பதினைந்தாம் தேதி அம்மா என்னைப் பல் வலிக்கு ஜெயங்கொண்டம் கூட்டிப்போனார். பஸ்ஸில் எனக்கு எதிர் சீட்டில் காலேஜ் பெண்கள் மூன்று பேர். ஒருத்தி என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருப்பவளைத் தட்டினாள். பிறகு என்னைப் பார்த்து இடது கை முஷ்டியில் வலது கையால் சாவி திருகுவதுபோல் காட்டினாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அது என் சைகை. நான் வீடியோவில் செய்தது. அதை யாரோ எடுத்துப் பாட்டு சேர்த்து, லீவு கிடைக்காதவர்கள், மனைவிக்குப் பயந்தவர்கள் எல்லாரும் செய்யும் வேடிக்கையாக ஆக்கியிருக்கிறார்கள் என்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது. டாக்டர் வீட்டு வரவேற்பில் இருந்த பெண் போனில் காட்டினாள். பாராட்டுகிற மாதிரிதான் காட்டினாள். பார், நீ எவ்வளவு பேமஸ் என்று. அதில் ஒரு நாய்கூட அதைச் செய்கிறது. நாயின் கையை யாரோ பிடித்துச் செய்யவைக்கிறார்கள்.

காது கேட்கிறவர்களுக்கு ஆயிரம் வார்த்தை இருக்கிறது. ஒன்று கெட்டால் இன்னொன்று எடுத்துக்கொள்வீர்கள். எனக்குப் பூட்டு என்று சொல்ல அந்த ஒரு சைகைதான். இனி அதைச் செய்தால் எனக்கே அந்தப் பெண்கள் சிரிப்புதான் தெரியும்.

அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். முந்திரிக்கொட்டை எடைபோடும் இடத்தில் ஒரு ஆள் அவரைப் 'பூட்டுக்காரரே' என்று கூப்பிட்டானாம். அம்மா எனக்கு அதைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆனது. அப்பா வீட்டிலேயே இருக்கிறார். நானும் வீட்டிலேயே இருக்கிறேன். அவர் என்னை வைத்துப் பூட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு பேரும்தான் உள்ளே இருக்கிறோம்.

முழு வீடியோவும் வேண்டாம். இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். வேண்டாம். அது என் கதை. என் அப்பா கை உடைந்த கதை. அதை எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது என்று நான்தான் சொல்ல வேண்டும். ஒன்பது லட்சம் பேரிடம் என் அப்பா நல்லவர் என்று சாட்சி சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. அவர்கள் யார்?

படிவத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் இடத்தில் 'என்னிடம் யாரும் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் அதை விசாரணையில் கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம். விசாரணை முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சண்முகப்பிரியா


பெரம்பலூர்
11.1.2025

அன்புள்ள பிரியா,

விசாரணையைக் கிறிஸ்துமஸ் விடுமுறையைச் சொல்லி ஜனவரி ஆறுக்குத் தள்ளிவைத்தார்கள். அதனால் உன் படிவம் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

பொய் சொல்ல மாட்டேன். அதைப் பத்து நாள் என் பைபிளுக்குள் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். புத்தாண்டுக்கு ஊருக்குப் போனேன். பூசை முடிந்து வெளியே வந்ததும், என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த உறவுக்காரர் ஒருவர் "ஒன் பக்கம் என்னாச்சும்மா, இப்பக் காணும்?" என்று கேட்டார். எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. பக்கம் போய்விட்டதே என்ற வருத்தம். அப்போதுதான் என்னை எனக்கே தெரிந்தது.

ஆறாம் தேதி மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து உன் படிவத்தை மேசையில் வைத்தேன். சவரிராஜ் சார் தலை குனிந்துகொண்டார். பிறகு சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தை நான் தொடங்கியது பெற்றோர்களுக்காக. ஒரு நாளைக்கு ஒரு சைகை. வீட்டில் பிள்ளையோடு பேசட்டும் என்று. முந்நூறு பேர் பார்ப்பார்கள். ஒரு நாள் ஏஞ்சல் மேரி மழையைச் சைகையில் காட்டியது நாற்பதாயிரம் பேரிடம் போனது. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். பாடம் நடத்தும்போதே எந்த இடத்தை வெட்டிப் போடலாம் என்று மனசு கணக்குப் போடும். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் போன் திரைக்குள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் நாலு நிமிடத்தையும் நான் முழுதாகப் பார்த்தேன். லாரியைப் பார்த்தேன். உடைந்த கையைப் பார்த்தேன். சைக்கிளைப் பார்த்தேன். தெரிந்துதான் வெட்டினேன். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் யாரும் பார்ப்பதில்லை. பூட்டு என்கிற இடத்தில் நிறுத்தினால் மனசு பதறும், பகிர்வார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தது. கேட்டேன், நீ தலையாட்டினாய் என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அது நான் எனக்காகத் தயாரித்து வைத்திருந்த பதில். பன்னிரண்டு வருடமாகக் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எந்தத் தலையாட்டல் சம்மதம், எந்தத் தலையாட்டல் விட்டுவிடு என்று எனக்குத் தெரியாதா?

இனி எனக்கு வகுப்பு கிடையாது. ஏப்ரல் வரை ஆபீசில் உட்கார்ந்து பதிவேடு எழுத வேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. என் மேசை ஜன்னலோரம். இடைவேளையில் பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்து 'எப்ப வருவீங்க?' என்று கேட்கிறார்கள். பதில் சொல்லக் கூடாது என்று உத்தரவு. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். அவர்களுக்குக் காரணம் புரியவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துப் போய்விடுகிறார்கள்.

இனிமேல் எழுதுவது உன் அப்பாவுக்கு.

கொளஞ்சி அண்ணே, இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். மேலே எழுதியிருப்பதையும் படித்திருப்பீர்கள். அதில் கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை. நீங்கள் படல் வாசலில் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். உங்கள் பெண் உங்களைப் பற்றித் தப்பாக ஒரு சைகைகூடச் செய்யவில்லை. தப்பு முழுக்க என் கத்திரியில். விசாரணையில் நான் எழுதிக் கொடுத்ததன் நகலில் பள்ளி முத்திரை வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். அதை யாரிடம் காட்டுவது, காட்டாமல் இருப்பது உங்கள் விருப்பம்.

மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. மார்ச் மாதம் அவளைத் தேர்வு எழுத அனுப்புங்கள் என்று கேட்கிறேன். பெயர் பதிவாகியிருக்கிறது. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். என்னை அவள் பார்க்கவே வேண்டாம். பள்ளி என் வீடு இல்லை அண்ணே, அவள் வீடு. அங்கேதான் அவளோடு பேச ஆள் இருக்கிறது.

விண்ணரசி


ஆண்டிமடம்
3.2.2025

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை அப்பா நாலு நாள் தரவில்லை. தபால்காரர் கொடுத்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதனால் எனக்குத் தெரியும். ஐந்தாம் நாள் என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டார்கள். நான் சுவரில் சாய்ந்து இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தேன். 'பரீட்சை' என்று அம்மா வாயில் ஒரு முறை பிடித்தேன். 'மறுபடியும்' என்று அப்பா வாயில். என்னைப் பற்றித்தான் சண்டை. முடிவு என்ன என்று யாரும் எனக்கு எழுதிக் காட்டவில்லை. காலண்டர் தாளை நானே கிழித்துக் கொடுத்தேன். அப்பா பேனாவைத் தொடவில்லை.

அடுத்த நாள் அப்பா வெளியே போன பிறகு அம்மா பூட்டாமல் வேலைக்குப் போனார். மறந்து அல்ல. பூட்டை எடுத்து அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் கதவைத் திறந்தேன். படல் வரை போனேன். வெயில் நன்றாக இருந்தது. ரோட்டில் இரண்டு பேர் பைக்கில் போனார்கள், திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஏறினால் யாராவது அந்தச் சைகையைக் காட்டுவார்கள். சுவாதி வீட்டுக்குப் போகலாம், வழி தெரியும். ஆனால் திரும்பி வந்து நானே உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

நீங்கள் உண்மை எழுதினீர்கள். படிக்கும்போது கோபம் அதிகமாகத்தான் ஆனது. தெரியாமல் செய்தீர்கள் என்று நினைத்த வரைக்கும் கொஞ்சம் லேசாக இருந்தது.

கணக்குப்பதிவியலில் கடைசி இரண்டு பாடம் என்னிடம் இல்லை. யாரிடமாவது நகல் எடுத்து அனுப்புங்கள்.

சண்முகப்பிரியா


பெரம்பலூர்
12.2.2025

அன்புள்ள பிரியா,

கணக்குப்பதிவியல் நோட்டை சுவாதி தானே உட்கார்ந்து உனக்காகப் பார்த்து எழுதியிருக்கிறாள். நகல் எடுக்கலாம் என்றேன், கேட்கவில்லை. ஓரங்களில் அவள் போட்டிருக்கும் படங்களுக்கு நான் பொறுப்பில்லை. ஹால் டிக்கெட் வந்ததும் தபாலில் வரும். காது கேளாதவர்களுக்கு உள்ள கூடுதல் ஒரு மணி நேரம் உனக்கும் கிடைக்கும்.

அந்த வீடியோ பற்றி உனக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொரு பக்கங்களுக்கு எழுதினேன். இருபத்தொன்பது பேர் நீக்கினார்கள். மூன்று பேர் என்னையே திட்டினார்கள். மற்றவர்கள் பதில் போடவில்லை. நாய் வீடியோ இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் என்னால் அழிக்க முடியாது. அழித்துவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தால் அது இன்னொரு பொய்.

என் இடத்துக்குப் புதிதாக பெனடிக்ட் என்று ஒருவர் வந்திருக்கிறார். இளைஞர். முதல் நாளே போனை எடுத்து வகுப்பைப் படம் பிடிக்கப் போனார். நான் ஆபீசிலிருந்து எழுந்து போய்த் தடுத்தேன், உத்தரவை மீறி. அன்று மதியம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். பெற்றோர் குரூப் தவிர எங்கும் போடுவதில்லை. அதில் போடுவதென்றாலும் பிள்ளையிடம் சைகையில் கேட்க வேண்டும். யார் யார் பார்ப்பார்கள் என்று காட்ட வேண்டும். பிள்ளை தலையாட்டினால் போதாது, தனக்கு என்ன புரிந்தது என்று அதுவே திருப்பிச் சொல்ல வேண்டும். மறுநாள் இன்னொரு முறை கேட்க வேண்டும். வெட்டக் கூடாது. "இவ்வளவு கேட்டா எவனும் போட மாட்டானே, மேடம்" என்றார் பெனடிக்ட். ஆமாம் சார், பாதிக்கு மேல் போட வேண்டியதே இல்லை என்றேன்.

நீ படல் வரை போனாய் என்று எழுதியிருந்தாய். அதை நான் நான்கைந்து முறை படித்தேன். தாழ்ப்பாள் போட்டதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெளியே உன்னைப் பயமுறுத்தி வைத்திருப்பது நான்.

படி. வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

விண்ணரசி


ஆண்டிமடம்
30.3.2025

டீச்சருக்கு,

எல்லாத் தேர்வும் எழுதிவிட்டேன். பொருளியல் சுமார். கணக்குப்பதிவியல் நன்றாக எழுதினேன்.

முதல் தேர்வுக்கு முந்தின நாள் அப்பா காலண்டர் தாளில், 'காலைல அஞ்சரை பஸ்' என்று மட்டும் எழுதினார். வேறு பேச்சு இல்லை. உங்கள் நகலை அவர் யாரிடமாவது காட்டினாரா என்று எனக்குத் தெரியாது. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். சட்டை மாற்றினால் அதையும் மாற்றுகிறார்.

ஒவ்வொரு தேர்வுக்கும் அவரே வந்தார். முடிந்ததும் யாரோடும் நிற்க விடாமல் உடனே பஸ் ஏற்றிவிடுவார். ஜெயங்கொண்டத்தில் மாறி, அரியலூரில் மாறி, பெரம்பலூர். பஸ்ஸில் நான் ஜன்னலோரம், அவர் இந்தப் பக்கம். என்னை யாரும் பார்க்க முடியாதபடி துண்டை விரித்து முன் கம்பியில் போட்டுக்கொள்வார். எனக்கு மூச்சு முட்டும். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

மூன்றாவது தேர்வு அன்று, மையத்துக்கு வெளியே வேறு பள்ளிப் பெண் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு போனைத் தூக்கினாள். அப்பா நடுவில் போய் நின்றார். ஏதோ சொன்னார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் போனை இறக்கிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா திட்டினாரா, கெஞ்சினாரா, எனக்குத் தெரியாது. கேட்டேன். அவர் எழுதிக் காட்டவில்லை.

போன் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. ரிசல்ட் வரட்டும் என்று அம்மா காட்டினார். கதவைப் பூட்டுவதில்லை. ஆனால் தெருமுனைக்கு மேல் நான் போவதும் இல்லை. காலேஜ் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு இல்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது?

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். போகவில்லை. போகும்போது எழுதுகிறேன். அதுவரை நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம். ஏப்ரலுக்குப் பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று விலாசம் அனுப்புங்கள்.

கடைசித் தேர்வு முடிந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் ஆபீசில் இருந்திருப்பீர்கள், தெரிந்திருக்காது.

நாங்கள் பதினோரு பேரும் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். இனி பள்ளி இல்லை. எல்லாரும் அவரவர் ஊருக்குப் போக வேண்டும். சுவாதி என் கையைப் பிடித்து ஒரு தூணுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனாள். ஆரம்பித்தோம். நாலு மாதம் டீச்சர். நாலு மாதத்துப் பேச்சு. என் விரல் முதலில் தடுமாறியது. சுவாதி சிரித்தாள். பிறகு எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டார்கள். யார் யாருக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், யார் திருப்பூர் போகிறார்கள், யார் வாட்ச்மேனிடம் மாட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். பூக்காரப் பாட்டி கூடையோடு வந்து வேடிக்கை பார்த்தார். நான் கையைச் சின்னதாக வைத்துக்கொள்ளவில்லை. பெரிதாகவே பேசினேன்.

அப்பா சிமெண்ட் பெஞ்சில் என் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அரியலூர் பஸ் வந்தது. அப்பா எழுந்தார். என்னைப் பார்த்தார். நான் சுவாதிக்கு ஏதோ பாதியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். பஸ் போய்விட்டது.

இன்னொரு பஸ் வந்தது. கண்டக்டர் அவரிடம் வந்து கேட்டார். அப்பா கையை அசைத்து அனுப்பிவிட்டார்.

மூன்றாவது பஸ் வந்தபோது அவர் எழுந்திருக்கவே இல்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கவில்லை.

சண்முகப்பிரியா